வெப்பப் பம்புக்கு ஹார்ட்விக் கட்டிய வீடு

வடகடலில் கிடக்கிற எங்கள் ஸ்கார்வோய் தீவில் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. திறந்துகொண்டு நேராக அடுப்படிக்குப் போய், கதவை ஒட்டிக் கிடக்கும் விறகுப் பெட்டி மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். வீட்டுக்காரர்கள் காப்பி ஊற்றுவார்கள். காற்று எந்தப் பக்கம் என்று பேசுவீர்கள், காட் மீன் வந்ததா என்று பேசுவீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, என்ன விஷயமா வந்தே?" என்று கேட்பார்கள். மற்றவர்களுக்கு அது ஒப்புக்குக் கேட்கிற கேள்வி. "சும்மாத்தான்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது காப்பிக்குக் கோப்பையை நீட்டுவார்கள். ஹார்ட்விக்குக்கு மட்டும் அது பரீட்சைக் கேள்வி. பதிலைக் கையோடு எடுத்துக்கொள்ளாமல் அவர் எந்த வீட்டுப் படியும் ஏறியதில்லை.

அவருடைய தங்கைக்கு முதல் குழந்தை பிறந்தபோது பார்க்கப் போனார். பொம்மை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். கூரை ஓரத்துத் தகரக் குழாயில் சருகு அடைத்திருக்கிறது என்று காரணம். ஏறினார், சுத்தம் செய்தார், ஏணி மேல் நின்றபடியே ஜன்னல் வழியாகத் தொட்டிலை எட்டிப் பார்த்தார், "நல்லா இருக்கு" என்றார், இறங்கி வந்துவிட்டார். குழந்தையைச் சொன்னாரா குழாயைச் சொன்னாரா என்று தங்கைக்கு இன்று வரை தெரியாது.

இப்படிப்பட்ட மனிதர் ஃபெர்ரியில் வேலைக்குச் சேர்ந்தது பொருத்தம்தான். ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு, தளத்தில் நின்று, கார்களை உள்ளே விடுகிற வேலை. கையை இப்படி அசைத்தால் வா, அப்படி அசைத்தால் நில். வயதான காலம் வரை அதைத்தான் செய்தார். அவருடைய கைகளைத் தெரியாதவர்கள் தீவில் கிடையாது. குரலைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கப்பல் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வந்துகொண்டே இருந்தது, அவரும் அதோடு போய் வந்துகொண்டே இருந்தார், ஒரு நாளும் வேறெங்கும் போகவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் ஒரு கதை உண்டு. இளவட்டமாக இருந்த காலத்தில், இளைஞர் மன்றக் கட்டடத்தில் ஆட்டம் பாட்டம் நடந்தது. ஹார்ட்விக் ஆடத்தான் போனார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சோல்ஃப்ரிட் என்ற பெண்ணோடு ஆட வேண்டும் என்று வாரக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் வெறுங்கையோடு எப்படிப் போவது? அந்த மன்றத்தில் அடிக்கடி ஃப்யூஸ் போகும். ஆகவே சட்டைப் பையில் நான்கைந்து ஃப்யூஸ் போட்டுக்கொண்டு போனார். சொல்லி வைத்ததுபோல் ஃப்யூஸும் போயிற்று. ஹார்ட்விக் நாற்காலி மேல் ஏறி மாற்றினார். வெளிச்சம் வந்தபோது சோல்ஃப்ரிட் அர்னுல்ஃப் என்ற பையனோடு ஆடிக்கொண்டிருந்தாள். அடுத்த கோடையில் அவர்களுக்குக் கல்யாணம். மணநாளன்று சர்ச்சுக்கு வெளியே கார்களை ஒழுங்காக நிறுத்த வைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

அர்னுல்ஃப் நல்ல மனிதன். ஹார்ட்விக்கே அவனைக் குறை சொன்னதில்லை. சில வருடங்களுக்கு முன் அவன் இறந்தபோது அடக்கத்துக்கு ஹார்ட்விக் பனிமண்வெட்டியோடு வந்தார். கல்லறைக்குப் போகிற பாதை முழுக்கப் பனியை வாரிப் போட்டுவிட்டு, கூட்டம் வருவதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார். சோல்ஃப்ரிட் அந்தப் பாதையில் நடந்து போனாள். யார் வாரியது என்று கேட்கவில்லை. விளிம்பு நூல் பிடித்தது மாதிரி இருந்தது, அப்படி வாருகிறவர் தீவில் ஒருவர்தான்.

அதற்கப்புறம் ஒரு குளிர்காலத்தில், அடுப்புச் சாம்பலைக் கொட்ட வாளியோடு வெளியே போனவள் கண்ணாடிப் பனியில் வழுக்கி விழுந்து தோளை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடியது, பலம் திரும்பவில்லை. விறகு தூக்க முடியாது. ஹார்ட்விக்குக்கு வாழ்நாளில் கிடைக்காத காரியம் கிடைத்தது.

தினம் மத்தியானம் ஒரு கூடை பிர்ச் விறகோடு அவர் வயலைக் கடந்து வருவார். அவர் வீடு கீழே கரையோரம், அவள் வீடு மேலே சாலையோரம். நடுவில் அந்த ஒரு வயல்தான். கூடையைப் பெட்டியில் கொட்டுவார், மூடியைச் சாத்துவார், அதன் மேலேயே உட்காருவார். அவள் காப்பி ஊற்றி, வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மடித்த லெஃப்ஸே ரொட்டியை முன்னால் வைப்பாள்.

"என்னய்யா, இன்னிக்கும் ஒரு கூடைதானா?"

"கூடை அவ்வளவுதான் கொள்ளும்."

"நாளைக்குப் புயல்னு ரேடியோல சொல்றான்."

"சொல்லட்டுமே. புயல்ல வந்தா விறகு என்ன, பறந்தா போயிடும்?"

"விறகு பறக்காது. நீ பறந்துருவே. உடம்புல என்ன இருக்கு, எலும்பத் தவிர?"

இதில் ஒரு சங்கதி. ஹார்ட்விக்கிடம் ட்ராக்டர் இருந்தது. பின்னால் மாட்டுகிற இழுவண்டியும் இருந்தது. ஒரே நடையில் ஒரு மாதத்து விறகைக் கொண்டுவந்து தள்ளியிருக்கலாம். அது தீவுக்கே தெரியும். போதாக்குறைக்கு அவர் கட்டைகளை மெலிசாகப் பிளந்தார், சீக்கிரம் எரிந்து தீர்ந்து போகட்டும் என்று. தன் தந்திரம் யாருக்கும் தெரியாது என்று அந்த அப்பாவி நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் இலையுதிர்காலத்தில் த்ரோம்சோ நகரத்தில் இருக்கிற சோல்ஃப்ரிட்டின் மகள் இங்வில் அம்மாவுக்கு வெப்பப் பம்பு வாங்கிக் கொடுத்தாள். தப்பே சொல்ல முடியாது. சாம்பல் வாளியால் விழுந்த அம்மாவுக்கு எந்த மகளும் அதைத்தான் செய்வாள். தீவில் பாதி வீடுகளில் ஏற்கனவே இருந்தது. சுவரின் உள்பக்கம் ஒரு வெள்ளைப் பெட்டி, வெளிப்பக்கம் விசிறியோடு ஒரு பெட்டி. வெளியில் உறைந்து கிடக்கிற காற்றிலிருந்துகூடக் கொஞ்சம் சூட்டைப் பிழிந்து எடுத்து உள்ளே அனுப்புகிற சாமர்த்தியம் அதற்கு உண்டு.

அதை மாட்ட அக்கரையிலிருந்து சில்யே என்ற பெண் வண்டியில் வந்தாள். முப்பது வயதிருக்கும். வேலையில் கெட்டிக்காரி, வாயைத் திறந்தால் மீன்பிடிப் படகுக்காரர்களே காதைப் பொத்திக்கொள்வார்கள். ஹார்ட்விக் அன்றும் கூடையோடு வந்தார். கூடையைக் கொட்டவா வேண்டாமா என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"பெரியவரே, இடுப்புல குழந்தைய வச்சிருக்கிற மாதிரி நிக்காதீங்க. அந்த ஸ்பேனர எடுத்துக் குடுங்க," என்றாள் சில்யே.

எடுத்துக் கொடுத்தார். வேலை முடிந்ததும் சில்யே வெளிப்படியில் நின்று, வெளிப்பெட்டியைக் காட்டி, கைகளை அகல விரித்து, சோல்ஃப்ரிட்டிடம் என்னவோ நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹார்ட்விக் சற்றுத் தள்ளி நின்றார். காற்று வார்த்தைகளைக் கடல் பக்கம் அடித்துக்கொண்டு போய்விட்டது. சோல்ஃப்ரிட் தலையாட்டுவது மட்டும் தெரிந்தது.

மறுநாள் போனபோது வீடு முழுக்க ஒரே சூடு. அடுப்படி, கூடம், நடை என்று வித்தியாசமே இல்லை. சோல்ஃப்ரிட் மெல்லிய சட்டையில், முழங்கை தெரிய நின்றுகொண்டிருந்தாள். குளிர் நாளில் அவளுடைய முழங்கையை அவர் பார்த்தது பள்ளிக்கூட நாளுக்கப்புறம் அதுதான் முதல்முறை. அழகாக இருந்தாள், வலி இல்லாதவள்போல் இருந்தாள். ஹார்ட்விக்குக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் கூடையைக் கையிலிருந்து இறக்கவில்லை.

"கூடைய அங்க வை," என்றாள் அவள். "பெட்டி நெறஞ்சிருக்கு. எரிக்கவே இல்ல."

"ம்," என்றார். காப்பி குடித்தார். கூடையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினார். விறகோடு வந்து விறகோடு திரும்பினது அன்றைக்குத்தான்.

பிறகு நாட்கள் திண்டாட்டமாயின. ஒரு நாள் அவளுடைய கேக் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனார். ஒரு நாள் அஞ்சல்பெட்டிக் கம்பம் சாய்ந்திருக்கிறது என்று நிமிர்த்தப் போனார். கம்பம் சாயவே இல்லை, அவர் நிமிர்த்தினதில்தான் கொஞ்சம் சாய்ந்தது. அதற்குமேல் காரியம் அகப்படவில்லை. சாலையில் நடந்து அவள் வீட்டைத் தாண்டிக் கடைக்குப் போவார், தாண்டித் திரும்புவார்.

கடையில் மூலையில் ஒரு மேசை, ஒரு காப்பிக் கூஜா. ஓய்வுபெற்ற ஆண்கள் அங்கே கூடி ஊரை அலசுவார்கள். கடைக்கார எட்முன்னுக்கு நாக்கில் எலும்பே கிடையாது.

"என்ன ஹார்ட்விக், உன் வேலைய ஒரு வெள்ளப் பெட்டி பிடுங்கிடுச்சாமே?"

"எனக்கு என்ன வேலை. நான்தான் ஓய்வுல இருக்கேனே."

"அதான் கேக்குறேன். ஃபெர்ரில இருந்து ஓய்வு குடுத்தப்பகூட நீ இவ்வளவு வாடல."

"அந்தப் பெட்டி காப்பி கேக்காது, லெஃப்ஸே கேக்காது. சோல்ஃப்ரிட்டுக்கு லாபம்தான்," என்றார் இன்னொருவர்.

மேசையே சிரித்தது. ஹார்ட்விக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார். அன்று தென்மேற்குக் காற்று. சோல்ஃப்ரிட் வீட்டுப் பக்கச் சுவரில் வெளிப்பெட்டி தன்னந்தனியாகக் காற்றைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. கடலிலிருந்து உப்புத் தூறல் அதன் முகத்தில் அடித்தது. மழையும் ஆலங்கட்டியும் மாறி மாறி அறைந்தன. எங்கள் தீவில் காற்றில் விட்டுவைக்கிற பொருள் என்று எதுவும் கிடையாது. படகுக்குக் கொட்டகை, ஆட்டுக்குப் பட்டி, குப்பைத் தொட்டிக்குக்கூடச் சுற்றிப் பலகை அடித்திருப்போம். அப்படிப்பட்ட ஊரில் இந்தப் பாவப்பட்ட யந்திரம் மட்டும் அம்மணமாக நிற்கிறதே என்று ஹார்ட்விக்குக்குத் தோன்றியது. அடுத்த நொடி அவர் முகம் மலர்ந்தது. காரியம் கிடைத்துவிட்டது.

அளவெடுக்கும் டேப்போடு போனார்.

"இதுக்கு ஒரு வீடு கட்டிடலாம்னு பாக்குறேன்," என்றார். "இப்படியே விட்டா ரெண்டு குளிர்காலம் தாங்காது. உப்பு தின்னுடும்."

சோல்ஃப்ரிட் அவரைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். "ஹார்ட்விக்..." என்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. உள்ள வா, காப்பி ஆறுது."

மற்ற வீடுகளிலும் இப்படிப் பெட்டிக்குக் கூண்டு போட்டிருந்தார்கள்தான். கடையில் வாங்கிய நாலு சட்டம், நடுவில் பெரிய பெரிய இடைவெளி. ஹார்ட்விக்குக்கு அதைப் பார்த்தாலே பிடிக்காது. காற்று நுழைகிற மாதிரிக் கட்டுவது ஒரு கட்டுமானமா? அவர் தன் படகுக் கொட்டகையைக் கட்டிய முறையில் கட்டினார். பலகையின் நாக்கு அடுத்த பலகையின் பள்ளத்தில் உட்கார்ந்தது. உள்ளே தார்த்தாள். மேலே சரிந்த கூரை. முன்பக்கம் சரிவுப் பலகைகள், சுண்டெலிகூட நுழையாத நெருக்கத்தில். பக்கத்தில் கொக்கியோடு ஒரு சின்னக் கதவு. சுவருக்கு அவள் வீட்டின் அதே காவி மஞ்சள், கதவு ஓரத்துக்கு அதே வெள்ளை. இரண்டு நாளில் முடிகிற வேலையை அவர் நவம்பர் முழுக்க இழுத்தார். பெயின்ட் காய வேண்டும் என்றார். எங்கள் நவம்பரில் பெயின்ட் காய்வதாவது! தினம் காப்பி, தினம் லெஃப்ஸே.

முடிந்ததும் ஊரே வந்து பார்த்தது. எட்முன்கூட வாயடைத்துப் போய், "யோவ், இதுக்கு வீட்டுவரி கேப்பாங்கய்யா," என்று மட்டும் சொன்னான். கிறிஸ்துமஸுக்கு சோல்ஃப்ரிட் அந்தச் சின்னக் கதவில் ஒரு வைக்கோல் வளையம் கட்டித் தொங்கவிட்டாள். ஹார்ட்விக் கீழே தன் வாசலில் நின்று அதைப் பார்ப்பார், உள்ளே போவார், திரும்ப வந்து பார்ப்பார்.

ஜனவரியில் குளிர் இறங்கியது. ஒரு நாள் கூரை ஓடு பார்க்கிற சாக்கில் போனவர், சோல்ஃப்ரிட் கம்பளிச் சட்டை போட்டிருப்பதைக் கண்டார். மறுநாள் அதற்குமேல் ஒரு சால்வையும் இருந்தது.

"பம்பு இழுக்க மாட்டேங்குது," என்றாள். "நாள் பூரா முக்குது, முனகுது. உள்ள வர்றது குளிர்ந்த காத்து."

"நான் நெனச்சேன்," என்றார் ஹார்ட்விக். "யந்திரம்னா யந்திரம்தான். விறகு மாதிரி வருமா?"

வெட்கத்தை விட்டுச் சொன்னால், வயலில் இறங்கும்போது அந்த மனிதர் ஏறக்குறைய ஓடினார். கூடை நிரம்பியது. அடுப்பு எரிந்தது. விறகுப் பெட்டி மேல் அவர், எதிரே சால்வையோடு அவள். ஃபெர்ரியில் இப்போது இருக்கிற பயல்களுக்குக் கார் நிறுத்தத் தெரியவில்லை என்று அவர் சொல்ல, உனக்கு ஓட்டவே தெரியாதே, நிறுத்தச் சொல்ல மட்டும்தானே தெரியும் என்று அவள் சொல்ல, பழையபடி ஆயிற்று. அவள் குளிரில் உட்கார்ந்திருப்பது தனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறதே என்று ஒரு நேரம் அவருக்கு உறுத்தியது. இன்னொரு கட்டையை அடுப்பில் வைத்து அந்த உறுத்தலை எரித்துவிட்டார்.

அப்போதுதான் இங்வில் கூப்பிட்டாள். சோல்ஃப்ரிட்டுக்கு மாவுக்கை, போனை மேசை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அம்மா, மறுபடி அடுப்பா? மறுபடி சாம்பலா?"

"சாம்பல ஹார்ட்விக் கொட்டிடறாண்டி."

"அவர் எத்தன நாளைக்கு அம்மா? அவருக்கும் வயசாகல? இதப் பாரு, அந்தப் பம்பு சரியானா இரு. ஆகலேன்னா ஈஸ்டருக்கு வந்து உன்னைக் கூட்டிட்டு வந்துடுவேன். இங்க பக்கத்துலயே ஒரு ஃப்ளாட் காலியாகுது. வீட்டை வித்துடலாம்."

"பாக்கலாம்," என்றாள் சோல்ஃப்ரிட்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. பாக்கலாம் என்றாள். ஹார்ட்விக்கின் கையில் இருந்த லெஃப்ஸே கையிலேயே இருந்தது. இத்தனை நாளும் எந்த யந்திரம் செத்துப் போகட்டும் என்று உள்ளுக்குள் குறுகுறுத்தாரோ, அந்த யந்திரம் செத்தால் அவளும் போய்விடுவாள். அர்னுல்ஃபோடு அவள் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது அவருக்கு, அதே நாற்காலி மேல் நிற்பதுபோல.

வெளியே போய்ச் சின்னக் கதவைத் திறந்தார். உள்ளே பெட்டியின் முதுகிலும் காலடியிலும் பனிக்கட்டி கெட்டியாகப் பிடித்திருந்தது. விசிறி நடுங்கிக்கொண்டு சுற்றியது.

"குளிர்ல வெறச்சுப் போச்சு பாவம்," என்று முணுமுணுத்தார். வீட்டுக்குப் போனார். தன் படுக்கையிலிருந்த கம்பளிப் போர்வையை உருவிக்கொண்டு வந்தார். பெட்டியைச் சுற்றி, குழந்தைக்குப் போர்த்துவதுபோல் போர்த்தினார். மிச்சமிருந்த சந்துகளில் பழைய சாக்கைத் திணித்தார். "ஓடு. ஓடிடு என் ராசா," என்றார். ஒரு யந்திரத்திடம் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை, மனிதர்களிடமும் பேசியதில்லை.

மறுநாள் காலையில் பம்பு அடியோடு நின்றுவிட்டது.

சோல்ஃப்ரிட்டே சில்யேவுக்குப் போன் செய்து வரச் சொன்னாள். மத்தியான ஃபெர்ரியில் வந்து இறங்கிய சில்யே, வண்டியை விட்டு இறங்கிச் சுவர்ப்பக்கம் போனவள், அந்த மஞ்சள் வீட்டைக் கண்டு அப்படியே நின்றாள். கொக்கியை நீக்கினாள். போர்வையைப் பார்த்தாள். எழுத முடியாத நான்கு வார்த்தைகள் சொன்னாள். ஹார்ட்விக் கூடையோடு வயலேறி வந்துகொண்டிருந்தார்.

"யாரு கட்டினது இத?" என்று கத்தினாள் சில்யே.

"நான்தான்," என்றார் ஹார்ட்விக். குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை இருந்தது.

"பெரியவரே, கொட்டகை பிரமாதம். நாளைக்கு நான் செத்தா என்னை இதுக்குள்ளயே வச்சுப் பூட்டலாம், ஆயிரம் வருஷம் கெடாம இருப்பேன். ஆனா இது உயிரோட இருக்கிற யந்திரமாச்சே! காத்தக் குடிச்சுத்தான் இது சூடு தருது. நீங்க காத்து வர்ற வழியையும் அடச்சிட்டீங்க, போற வழியையும் அடச்சிட்டீங்க. தான் விட்ட குளிர்ந்த மூச்ச தானே திரும்பத் திரும்ப உறிஞ்சிக்கிட்டுக் கெடந்திருக்கு. உருகின தண்ணி எறங்கக்கூட ஓட்டை இல்ல. பத்தாததுக்குப் போர்வை வேற!"

ஹார்ட்விக் கூடையைக் கீழே வைத்தார். அவளைக் குளிரில் உட்காரவைத்தது யந்திரம் இல்லை, தான்தான் என்பது அவருக்குள் மெதுவாக இறங்கியது. ஈஸ்டருக்கு அவள் போக வேண்டி வந்தால் அதுவும் தன் கைவேலைதான். அந்தக் கைகள் பக்கத்தில் தொங்கின.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார். "காத்துல நிக்குதேன்னு..."

"உங்களுக்குத் தெரியாது, சரி." சில்யே திரும்பினாள். வாசல்படியில் சோல்ஃப்ரிட் சால்வையோடு நின்றுகொண்டிருந்தாள். "உங்களுக்குத் தெரியுமே சோல்ஃப்ரிட்! மாட்டிட்டுப் போகும்போது இதே படியில நின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. முன்னால ரெண்டு கை நீளத்துக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது, சுத்தி மூடவே கூடாதுன்னு. தலையாட்டுனீங்களே!"

சோல்ஃப்ரிட்டின் முகம் கழுத்து வரைக்கும் சிவந்தது.

"சொன்னே," என்றாள். "காது நல்லாத்தான் கேட்டுது."

சில்யே வாயைத் திறந்தாள். ஹார்ட்விக்கைப் பார்த்தாள், சோல்ஃப்ரிட்டைப் பார்த்தாள், மறுபடி ஹார்ட்விக்கைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் சொல்லாமல் விழுங்கிய முதல் வார்த்தைகள் அவையாகத்தான் இருக்கும். "வண்டில வெந்நி கேன் இருக்கு, எடுத்துட்டு வரேன்," என்று போனவள், அதை எடுக்க வெகுநேரம் பிடித்தாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கேட்டார் ஹார்ட்விக்.

"சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா கட்டியிருக்க மாட்டேன்."

"அதான். கட்டலேன்னா மறுநாள் எதைத் தூக்கிக்கிட்டு வந்திருப்பே?" சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "கட்டி முடிச்சப்புறம் சொன்னா வெக்கப்பட்டு இந்தப் பக்கமே தலவெச்சுப் படுக்க மாட்டே. ரெண்டும் கெட்டான் நெலமை எனக்கு. குளிர் எவ்வளவோ தேவலாம்னு உக்காந்திருந்தேன்."

ஹார்ட்விக் கூடையைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினார். வீட்டுக்குப் போய்க் கடப்பாரை கொண்டுவந்தார். தான் நாக்கும் பள்ளமுமாக இழைத்த பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். முன்பக்கம் போயிற்று, பக்கங்கள் போயின. கூரையை மட்டும் விடச் சொன்னாள் சில்யே, மேலிருந்து விழுகிற பனிக்கு நல்லது என்று. பனிக்கட்டி வெந்நீரில் உடைந்து விழுந்தது. பெட்டி ஒருமுறை உறுமியது, வெள்ளையாக ஆவி விட்டது, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. சில்யே ஃபெர்ரிக்குப் போனாள். சோல்ஃப்ரிட் உள்ளே போனாள். ஹார்ட்விக் பலகைகளைக் கட்டிக்கொண்டு, போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வயலில் இறங்கினார்.

இனி விறகுக்கும் போக முடியாது, பம்புக்கும் போக முடியாது.

மறுநாள் மத்தியானம் அவர் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். பழக்கத்தில் கூடையை எடுத்தார். என்னத்துக்கு? திரும்ப வைத்தார். உள்ளே போய் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். அளக்க என்ன இருக்கிறது? அதையும் வைத்தார். பனிமண்வெட்டியைத் தொட்டார். பனி பெய்யவே இல்லை. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, வளர்ந்த மனிதர், தன் வாசலில் நின்று இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை செய்துகொண்டு இல்லாதபோது அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பிறகு அவற்றைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு வயலேறினார். அவ்வளவு தூரமான வயல் அது என்று அவருக்கு அதுவரை தெரியாது.

கதவைத் திறந்து விறகுப் பெட்டி மேல் உட்கார்ந்தார். வீடு கதகதவென்று இருந்தது. சோல்ஃப்ரிட் மெல்லிய சட்டையில் இருந்தாள். புதுக் காப்பியின் மணம். ஊற்றிக் கொடுத்தாள். காற்று வடக்கே திரும்பிவிட்டது என்றாள். ஆமாம் என்றார். ஃபெர்ரி லேட்டு என்றாள். இந்தப் பயல்கள் அப்படித்தான் என்றார்.

"சரி," என்றாள் சோல்ஃப்ரிட், இந்தத் தீவில் எல்லோரும் எல்லோரையும் கேட்பதுபோல. "என்ன விஷயமா வந்தே?"

ஹார்ட்விக் கோப்பையைப் பார்த்தார். "விஷயம் ஒண்ணும் இல்ல," என்றார். கோப்பையைக் கீழே வைத்தார். "உன்னைப் பாக்கத்தான் வந்தேன்."

மேசைக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரம் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அப்படின்னா விறகுப் பெட்டி மேல என்ன வேலை? இங்க வந்து உக்காரு."

இத்தனை நாளாக வருகிற வீட்டில் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தார். கீழே அவருடைய வீடு முழுசாகத் தெரிந்தது. வாசல் தெரிந்தது, ட்ராக்டரும் இழுவண்டியும் தெரிந்தன, படியில் அவர் வைத்துவிட்டு வந்த கூடைகூடத் தெரிந்தது.

"மொதல்ல கூடைய எடுத்தே, வச்சே," என்றாள் சோல்ஃப்ரிட், லெஃப்ஸேவை அவர் முன்னால் வைத்தபடி. "அப்புறம் டேப்பு. அப்புறம் மம்முட்டி. எனக்கு இங்க உசிரே இல்ல. நீ வெறுங்கையோட வயல்ல கால வச்சதப் பாத்தப்புறம்தான்யா எந்திரிச்சுப் போயி காப்பியப் போட்டேன்."